எத்தனையில் ஐம்பது சதவீதம்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமாக இருப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் படியுங்கள். ஆனால் படியுங்கள். குறிப்பாகச் சொந்தக்காரர்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ வந்தது. மெல்பர்னில் இருக்கும் என் தங்கை மகள், ஆபீஸ் விழாவில் புடவை கட்டி நிற்கிற படம். அதன் கீழே முதலில் இரண்டு பூங்கொத்து, ஒரு கைகூப்பு. மூன்றாவதாக ஒருவர் எழுதினார்: "ஆபரேஷன் பண்ணியும் இப்படித்தானா?" அதற்கு நான்கு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். சாயங்காலம் பார்த்தால் அவள் குழுவை விட்டு வெளியேறியிருந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல 'இனிய காலை வணக்கம்' ரோஜாப்பூ வந்தது.

எழுதியவர் யார் என்று இங்கே சொல்லப் போவதில்லை. அவரைத் திட்டுகிற தகுதி எனக்கு இல்லை. பல வருஷத்துக்கு முன்னால் அதே கேள்வியை, அதைவிட மோசமாக, முந்நூறு பேர் இருந்த பந்தியில் கேட்டவன் நான். அதைத்தான் இன்றைக்கு எழுதுகிறேன். அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "பேர் மட்டும் போடாதீங்க மாமா, மத்ததெல்லாம் எழுதுங்க, எடையையும் எழுதுங்க" என்றாள்.

அவளுக்குச் செய்தது கேஸ்ட்ரிக் பேண்ட் அறுவை. தமிழில் இரைப்பைப் பட்டை என்று சொல்லலாம். வயிற்றை வெட்டுவது கிடையாது. இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி சிலிக்கோனால் ஆன ஒரு வளையத்தை, சின்னச் சின்னத் துளை வழியாக உள்ளே விட்டு மாட்டுகிறார்கள். வளையத்துக்கு மேலே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு சின்னப் பை நிற்கும். வளையத்தின் உட்பக்கம் பலூன் மாதிரி. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வந்து, வயிற்றுத் தோலுக்கு அடியில் ஒரு சின்ன டப்பாவில் முடியும். டாக்டர் ஊசி குத்தி அந்த டப்பாவுக்குள் உப்புநீர் ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும். சைக்கிள் ட்யூபுக்குக் காற்றடிக்கிற சமாசாரம்தான்.

மெல்பர்ன் இந்தப் பட்டைக்குப் பேர்போன ஊர். அங்கே பால் ஓபிரையன் என்ற அறுவை நிபுணரின் குழு ஆயிரக்கணக்கானவர்களுக்கு இதைச் செய்து, வருஷக்கணக்காகத் தொடர்ந்து கவனித்து எழுதி வைத்திருக்கிறது. அந்தக் கணக்குக்குப் பிறகு வருகிறேன்.

2012 செப்டம்பரில் அவளுக்குச் செய்தபோது உயரம் 160 சென்டிமீட்டர், எடை 108 கிலோ. முந்தின வருஷம்தான் சர்க்கரை வந்திருந்தது. ராத்திரி தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். முகத்தில் மாட்டுகிற மெஷினோடு படுப்பாள். ரயில் நிலையப் படி ஏற முட்டி விடாது. முப்பத்தி நாலு வயது அப்போது.

எட்டு மாதம் கழித்து, 2013 மே மாதம், எங்கள் பக்கத்துக் கல்யாணம் ஒன்றுக்கு ஊருக்கு வந்தாள். மறுவீட்டுச் சாப்பாடு. திருநெல்வேலிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு சிப்ஸ். இலை போட்டாயிற்று. அவள் ஒரு கரண்டி சோறு, கொஞ்சம் சொதி வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு வாயையும் மென்று மென்று தின்றுகொண்டிருந்தாள். பக்கத்து இலையில் இரண்டாம் சோறு போய் மோர் வந்துவிட்டது. இவள் முதல் கரண்டியைத் தாண்டவில்லை. நான் பந்தி விசாரிக்க வந்தவன், எல்லாரும் கேட்கும்படி கேட்டேன்: "என்னம்மா, பன்னிரண்டு லட்சமா செலவழிச்சு பன்னிரண்டு கிலோதான் குறைஞ்சிருக்கியாமே? கிலோ லட்ச ரூபாயா?"

பந்தியே சிரித்தது. அவளும் சிரித்தாள். லட்சக்கணக்கெல்லாம் நான் எதுகைக்குச் சொன்னது. எவ்வளவு செலவானது என்று எனக்குத் தெரியவே தெரியாது. வகுப்பில் இப்படி ஒரு வாக்கியம் விட்டு சிரிப்பு வாங்கிப் பழகிய நாக்கு. உங்களில் பலர் அதன் அடி வாங்கியவர்கள்தான். (பின்வரிசையில் உட்கார்ந்து 'சார் நல்லா ஜோக் அடிப்பார்' என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள், அந்த ஜோக் யார் மேல் விழுந்தது என்றும் ஒருமுறை யோசியுங்கள்.)

அதற்கு அப்புறம் நடந்தது எனக்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. மெல்பர்ன் திரும்பியவள் கிளினிக்குக்குப் போய், "பசி அடங்கவே இல்லை, இன்னும் இறுக்குங்கள்" என்று சொல்லியிருக்கிறாள். பொய். பசி அடங்கித்தான் இருந்தது. அவர்கள் அவள் சொன்னதை நம்பி உப்புநீர் ஏற்றினார்கள். அடுத்த மாதம் போய் மறுபடி அதே பொய். இந்த முறை இறுகியதில் சோறு இறங்காது, சப்பாத்தி இறங்காது, இட்லிகூட நெஞ்சில் நிற்கும். படுத்தால் எதுக்களித்து இருமல். வாஷ்பேசினில் தண்ணீரைத் திறந்துவிட்டு வாந்தி எடுப்பாளாம், மாப்பிள்ளைக்குக் கேட்கக் கூடாது என்று.

எது இறங்கும் தெரியுமா? ஐஸ்கிரீம் இறங்கும். பாதாம் பால் இறங்கும். பாயசம் வழுக்கிக்கொண்டு போகும். சாக்லேட் வாயிலேயே கரைந்துவிடும். பட்டைக்குச் சோறும் ரொட்டியும் மட்டும்தான் தெரியும், சர்க்கரைத் தண்ணீரைத் தெரியாது. ஆறு வாரம் அதிலேயே ஓட்டியிருக்கிறாள். எடை குறைந்ததா? மூன்று கிலோ ஏறியது. கடைசியில் ஒரு நாள் தண்ணீரே உள்ளே போகாமல் அவசரமாக ஓடி, உப்புநீரை முழுக்க உறிஞ்சி எடுத்தார்கள். பட்டை இடம் நகரவில்லை. அது அவள் அதிர்ஷ்டம்.

இந்தப் பட்டையின் சங்கதியே இதுதான். இறுக்கினால் இன்னும் குறையும் என்று தோன்றும். அப்படி இல்லை. சரியான இறுக்கத்தில் கொஞ்சம் தின்றாலே வயிறு போதும் என்று சொல்லும். அதுதான் அது செய்கிற வேலை. அதற்குக் கீழே போனால் பசிக்கும். மேலே போனால் நல்ல சாப்பாடு நின்று, கெட்ட சாப்பாடு மட்டும் உள்ளே போகும். டாக்டர்கள் அந்த நடு இடத்தைப் பச்சை விளக்கு என்கிறார்களாம். அவள் பச்சையில்தான் நின்றுகொண்டிருந்தாள். சிவப்புக்குத் தள்ளிவிட்டது நாங்கள்.

இதையெல்லாம் அவள் 2015-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. கடைசியில் ஒன்று கேட்டாள். "மாமா, எட்டாம் வகுப்புல சதவீதம் நீங்கதானே நடத்துனீங்க? 'எத்தனையில் எத்தனை'ன்னு முதல்ல கேளுன்னு நீங்கதானே சொன்னீங்க? அன்னிக்கு நீங்க கேக்கவே இல்லையே."

முப்பத்தி மூன்று வருஷம் கணக்கு நடத்தியவன் நான்.

சரி, கணக்குக்கு வருவோம். நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

எடை குறைப்பு அறுவையில் டாக்டர்கள் '50 சதவீதம் குறையும்' என்று சொன்னால் அது மொத்த எடையில் 50 சதவீதம் அல்ல. கூடுதல் எடையில் 50 சதவீதம். உயரத்தை மீட்டரில் எழுதி, அதை அதாலேயே பெருக்கி, எடையை அதால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. அது 25 வருகிற எடைக்கு மேலே இருப்பதெல்லாம் கூடுதல் எடை என்று வைத்துக்கொள்கிறார்கள். இவள் உயரம் 1.6 மீட்டர். 1.6 × 1.6 = 2.56. அதை 25-ஆல் பெருக்கினால் 64 கிலோ. இவள் 108. கூடுதல் 44 கிலோ. அதில் பாதி 22. ஆக, அறுவை முழு வெற்றி என்று புத்தகம் சொல்கிற இடத்தில் இவள் எடை 86 கிலோ.

86 கிலோ. 60-ம் இல்லை, 54-ம் இல்லை. அந்த 86-ல் பி.எம்.ஐ. கிட்டத்தட்ட 34. அதாவது வெற்றிக்குப் பிறகும் அவள் உடல் பருமன் உள்ளவள்தான். போட்டோவில் குண்டாகத்தான் தெரிவாள். நம் குழுவில் சிரித்தவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்.

அவள் எங்கே போய் நின்றாள்? அறுவை முடிந்து மூன்று வருஷத்தில் 87. குறைந்தது 21 கிலோ. 44-ல் 21 என்றால் ஏறக்குறைய 48 சதவீதம். அதையே 108-ல் 21 என்று போட்டால் 19 சதவீதம். இரண்டும் ஒரே 21 கிலோதான். விளம்பரக்காரன் எதை எடுத்துப் போடுவான், சொந்தக்காரன் எதை எடுத்துப் பேசுவான் என்று உங்களுக்கே தெரியும்.

கல்யாணத்தில் நான் கேலி பண்ணிய அந்த 12 கிலோ, எட்டே மாதத்தில் கூடுதல் எடையின் கால்வாசிக்கு மேல். பட்டை மெதுவாக வேலை செய்கிற ஆயுதம். வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தாலே நன்றாகப் போகிறது என்பார்கள். ஸ்லீவ், பைபாஸ் அறுவைகளில் முதல் ஒன்று ஒன்றரை வருஷத்தில் மளமளவென்று இறங்கி நிற்கும். பட்டையில் இரண்டு மூன்று வருஷம் ஆகும். எட்டாம் மாதத்தில் பரீட்சை வைத்து ஃபெயில் போட்ட வாத்தியார் நான்.

மருத்துவம் படிக்கிற என் பழைய மாணவி ஒருத்தியிடம் கேட்டு, ஆராய்ச்சிக் கட்டுரைகள் சிலவற்றை வாங்கிப் படித்தேன். புரியாததை அவளிடமே கேட்டேன். "சார், இப்ப நீங்க ஸ்டூடண்ட்" என்றாள். சந்தோஷமாக இருந்தது.

ஸ்வீடனில் 1987-ல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கினார்கள். உடல் பருமன் உள்ள நாலாயிரத்துச் சொச்சம் பேர். பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு எடைக் குறைப்பு அறுவை, பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. 2007-ல் வந்த முடிவு: பட்டை போட்டவர்கள் ஒன்று இரண்டு வருஷத்தில் மொத்த எடையில் சராசரி 20 சதவீதம் குறைந்தார்கள். பத்தாம் வருஷம் பார்த்தால் அது 14 சதவீதம். பதினைந்தாம் வருஷம் 13. பைபாஸ் செய்தவர்களுக்கும் இதே மாதிரிதான், 32-ல் தொடங்கி பத்தாம் வருஷம் 25. எல்லாருக்குமே கொஞ்சம் திரும்பி ஏறுகிறது. அது அவர்கள் நாக்குக் கட்டுப்பாடு இல்லாததால் அல்ல, உடம்பு அப்படித்தான் இழுக்கிறது. அறுவை இல்லாத பாதிப் பேரின் சராசரி எடை பதினைந்து வருஷத்திலும் 2 சதவீதத்துக்கு மேல் கீழ் நகரவில்லை. இதையும் சேர்த்துப் படியுங்கள். 'வாயைக் கட்டினால் போதாதா, கத்தி எதற்கு' என்று சொல்கிறவர்களுக்கு அந்த 2 சதவீதம்தான் பதில். அறுவை செய்தவர்களில் இறப்பு ஏறத்தாழ கால்வாசி குறைவாக இருந்தது என்பதையும் அதே ஆய்வு சொன்னது.

நம் பெண் 108-லிருந்து 20 சதவீதம் குறைந்தால் 86. 14 சதவீதம் என்றால் 93. இன்றைக்கு அவள் எடை 91. பதின்மூன்று வருஷம் ஓடிவிட்டது. சராசரியைவிடக் கொஞ்சம் நன்றாகவே செய்திருக்கிறாள். பரீட்சைத்தாள் என் கையில் இருந்தால் முதல் வகுப்பு போடுவேன்.

மெல்பர்ன் ஓபிரையன் குழு 2013-ல் வெளியிட்ட கணக்கில், 15 வருஷம் கழித்தும் கூடுதல் எடையில் 47 சதவீதம் குறைந்த நிலையில் இருந்தார்கள். ஆனால் அதே கணக்கில், நான்கில் ஒருவருக்கு மேலே உள்ள பை வீங்கி மறு அறுவை தேவைப்பட்டது. பட்டையையே கழற்ற வேண்டி வந்தது நூற்றுக்கு ஆறு பேருக்குள். பெல்ஜியத்தில் 2011-ல் வந்த கணக்கு வேறு மாதிரி. அங்கே பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆனவர்களைத் தேடிப் பார்த்தபோது கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குப் பட்டை உள்ளே இல்லை. சிலருக்கு அது இரைப்பைச் சுவரையே அரித்திருந்தது. ஒரே பட்டை, இரண்டு ஊர், இரண்டு கதை. யார் மாட்டினார்கள், அதற்குப் பிறகு எத்தனை வருஷம் விடாமல் கவனித்தார்கள் என்பதைப் பொறுத்தும்தான் இது மாறுகிறது என்பது என் எண்ணம். பட்டையை மாட்டுவது ஒரு மணி நேர வேலை. பார்த்துக்கொள்வது ஆயுசு பூராவும்.

இதனால்தான் இப்போது உலகத்தில் பட்டை போடுவதே அருகிவிட்டது. அமெரிக்காவில் 2001-ல் அனுமதி கிடைத்து, 2011-ல் எடைக் குறைப்பு அறுவைகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் பட்டைதான். 2019-ல் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. நம் ஊரிலும் பெரும்பாலும் இரைப்பையையே வெட்டிச் சிறிதாக்குகிற ஸ்லீவ்தான். ஏன் அருகியது? சிக்கல்கள் ஒரு காரணம். எதிர்பார்த்த அளவு குறையாதது இன்னொன்று. அந்த 'எதிர்பார்த்த அளவு' யாருடையது என்றுதான் நான் கேட்கிறேன். விற்றவர்கள் ஏற்றிவிட்ட எதிர்பார்ப்பு கொஞ்சம், பந்தியில் உட்கார்ந்தவர்கள் ஏற்றிவிட்டது கொஞ்சம்.

அமெரிக்காவில் நியூஜெர்சி மாநில ஆளுநராக இருந்த கிறிஸ் கிறிஸ்டி 2013 பிப்ரவரியில் இதே பட்டையைப் போட்டுக்கொண்டார். யாருக்கும் சொல்லாமல் செய்தார். மே மாதம் செய்தி வெளியே வந்ததும் எத்தனை கிலோ குறைந்தது, ஏன் இன்னும் இப்படி இருக்கிறார் என்று பத்திரிகைகள் அவர் இடுப்பையே அளந்துகொண்டிருந்தன. ஒரு மாநிலத்தையே ஆண்டவருக்கு அந்தக் கதி. நம் பெண் என்ன செய்வாள்.

இனி, குறைந்த 17 கிலோவுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி அதுதான். மெஷின் மாட்டாமல் தூங்குகிறாள். அலுவலகத்துக்குப் போகிற வழியில் நிலையத்துப் படியை மின்தூக்கி தேடாமல் ஏறுகிறாள். சர்க்கரைக்கு இரண்டு வேளை மாத்திரை ஒரு வேளையாகி, நடுவில் சில வருஷம் மாத்திரையே இல்லாமல் இருந்தாள். இப்போது மறுபடி ஒரு வேளை. அவளுக்குச் சர்க்கரை வந்த புதிதிலேயே செய்ததும் ஒரு காரணம். ஆஸ்திரேலியாவில் 2008-ல் 60 பேரை வைத்து ஒரு சோதனை வெளியானது. எல்லாருக்கும் சர்க்கரை வந்து இரண்டு வருஷத்துக்குள். பாதிப் பேருக்குப் பட்டை, பாதிப் பேருக்கு நல்ல முறையில் உணவு, நடை, மருந்து. இரண்டு வருஷம் கழித்துப் பட்டை போட்டவர்களில் 73 சதவீதம் பேருக்குச் சர்க்கரை அடங்கியிருந்தது. மற்றப் பாதியில் 13 சதவீதம். அந்த 73 சதவீதக்காரர்களும் ஒல்லியாகிவிடவில்லை. எடையில் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்திருந்தார்கள். ரத்தத்துக்கும் முட்டிக்கும் மூச்சுக்கும் அந்த ஐந்தில் ஒன்று போதுமானதாக இருக்கிறது. கல்யாண ஆல்பத்துக்குத்தான் போதவில்லை.

இதில் என் தங்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவள் இதைப் படிப்பாள், படிக்கட்டும். மகள் ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரு பக்கம் "இன்னும் குறையலையே" என்று அழுவாள். இன்னொரு பக்கம் "நீ சாப்பிடலைன்னா எனக்கு இறங்காது" என்று தட்டில் இன்னும் இரண்டு இட்லி வைப்பாள். தாயே, இரண்டில் ஒன்றைச் சொல்லு. அரை இட்லிக்கு மேல் அவளுக்கு உள்ளே இடமில்லை. சாப்பிடும்போது நடுவில் தண்ணீர் குடிக்கக் கூடாது. ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவே ஒரு நிமிஷம் விட வேண்டும். அவள் மெதுவாகச் சாப்பிடுவது உன் சமையல் பிடிக்காமல் அல்ல. இலையில் சோற்றை மிச்சம் வைப்பது நமக்குப் பாவம் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவளைப் பொறுத்தவரை மிச்சம் வைப்பதுதான் மருந்து.

இப்போது இன்னொருவர் விஷயம். போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து என் பழைய மாணவன் ஒருவன் பேசினான். 2001 பேட்ச். லாரி ஆபீஸ் நடத்துகிறான், பெயர் வேண்டாம். "சார், எடை 130 ஆயிருச்சு. பேண்ட் போட்டா 70 சதவீதம் குறையும்னு வீடியோல பார்த்தேன். தை மாசம் தம்பி கல்யாணம். அதுக்குள்ள முடிச்சிரலாமா?" என்றான்.

நான் கேட்டேன், "130-ல் 70 சதவீதம் எவ்வளவுடா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. கால்குலேட்டர் தட்டுகிற ஒலி. "91 சார்."

"அப்ப மிச்சம் இருக்கிற நீ எத்தனை கிலோ?"

"39." அப்புறம் அவனே சிரித்துவிட்டான். "எட்டாங்கிளாஸ்லயே நான் 39 இருந்தேன் சார்."

அவன் உயரம் 170. கணக்குப் போட்டால் 72 கிலோவுக்கு மேலே உள்ள 58 கிலோதான் கூடுதல். பட்டையோ ஸ்லீவோ, அதில் பாதி போனால் 29 கிலோ. 101-ல் நிற்பான். ஸ்லீவ் என்றால் அதிசயம் நடக்கும் என்று நினைக்க வேண்டாம். பின்லாந்தில் ஸ்லீவையும் பைபாஸையும் ஒப்பிட்டு 2018-ல் வெளியிட்ட முடிவில், ஐந்து வருஷம் கழித்துக் கூடுதல் எடையில் சராசரியாக ஸ்லீவுக்கு 49 சதவீதம், பைபாஸுக்கு 57. சராசரி என்றால் சிலருக்கு அதற்கு மேலே, சிலருக்குக் கீழே. நம் வகுப்பு சராசரி 62 என்றால் எல்லாரும் 62 வாங்கியதாக அர்த்தமில்லை, உங்களுக்கு நினைவிருக்கும்.

அவனிடம் நான் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன், வேறு யாருக்காவது ஆகும். டாக்டர் சதவீதம் சொன்னால், "எதில் சதவீதம், எத்தனை வருஷத்தில்?" என்று கேள். முதல் வருஷக் கணக்கைச் சொன்னால் ஐந்தாம் வருஷக் கணக்கைக் கேள். கிலோவில் எழுதித் தரச் சொல். அதற்குப் பிறகு யார் உன்னைப் பார்த்துக்கொள்வார்கள், வருஷத்துக்கு எத்தனை முறை வர வேண்டும், விட்டமின் எத்தனை காலம் எடுக்க வேண்டும் என்று கேள். ஆசியர்களுக்குக் குறைந்த பி.எம்.ஐ.யிலேயே வியாதி வருகிறது என்பதால் 2022-ல் சர்வதேச அறுவை நிபுணர் சங்கங்கள் நமக்கு 27.5-லிருந்தே யோசிக்கலாம் என்கின்றன. ஆனால் இன்ஷூரன்ஸ் வேறு கணக்கு. இந்தியாவில் 40 இருக்க வேண்டும், அல்லது 35-உடன் கட்டுக்கடங்காத சர்க்கரை, இதயநோய், கடுமையான தூக்க மூச்சுத் தடை மாதிரி ஏதாவது இருக்க வேண்டும். மற்ற வழிகள் பலிக்காமல் போயிருக்கவும் வேண்டும். இவன் 45. அதனால் வாசல் திறந்திருக்கிறது. தை மாதக் கல்யாணத்துக்காக அந்த வாசலில் ஓடக் கூடாது, அவ்வளவுதான்.

"101 கிலோன்னா அப்பவும் குண்டன்னுதான் சொல்வாங்களே சார்" என்றான்.

சொல்வார்கள்டா. நானே சொன்னவன்தானே.

இதற்கு என்னிடம் அவனுக்குக் கொடுக்கப் பதில் இல்லை. அவன் உடம்பை டாக்டர் பார்த்துக்கொள்வார். அவனைச் சுற்றி இருக்கிற வாய்களை யார் பார்ப்பது? அறுவை முடிந்தவர் ஒருவரைப் பார்த்ததும் "எவ்வளவு குறைஞ்ச?" என்று கேட்பது நமக்கு 'சாப்பிட்டாச்சா' மாதிரி ஆகிவிட்டது. பைபாஸ் இதய ஆபரேஷன் செய்தவரிடம் "எத்தனை அடைப்பு மிச்சம் இருக்கு?" என்று பந்தியில் கேட்கிறோமா? கண் ஆபரேஷன் செய்த என்னிடம் யாரும் "இன்னும் கண்ணாடி போட்டுட்டு இருக்கீங்களே, பணம் வேஸ்ட்தானே" என்று கேட்கவில்லை. கண்ணாடி இன்றைக்கும் போட்டிருக்கிறேன்.

தங்கை மகளிடம் நான் மன்னிப்புக் கேட்டது 2015 போனிலேயே. ஆனால் கேலி செய்தது முந்நூறு பேர் முன்னால், மன்னிப்புக் கேட்டது தனியாக. அந்தக் கணக்கு சமமாகவில்லை என்று பல வருஷமாக உறுத்தல். அந்தப் பந்தியில் இருந்தவர்களில் பாதிப் பேராவது இந்தப் பதிவைப் பார்ப்பீர்கள். உங்கள் எல்லார் முன்னாலும் கேட்கிறேன்: தப்பு என்னுடையது அம்மா. 12 கிலோ நல்ல மதிப்பெண். எனக்குத் தாள் திருத்தத் தெரியவில்லை.

வருகிற ஆவணியில் பேரன் காது குத்துக்கு அவள் குடும்பத்தோடு வருகிறாள். பந்தியில் அவளை என் பக்கத்தில் உட்கார வைக்கப் போகிறேன். பரிமாறுகிறவர்களிடம் சொல்லிவிட்டேன், அவள் இலைக்கு அவள் கேட்டால் மட்டும் போட வேண்டும். அவளிடம் கேட்க விஷயமா இல்லை? அங்கே குளிர்காலத்தில் தக்காளி எப்படி வளர்க்கிறாள் என்று கேளுங்கள், ஒரு மணி நேரம் பேசுவாள். குழுவில் அவளை மறுபடி சேர்க்கட்டுமா என்று கேட்டேன். "பாக்கலாம் மாமா" என்றாள். நான் வற்புறுத்தவில்லை.

கோயம்புத்தூர்த் தம்பி, வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொன்னாயே, கிலோவில் எழுதித் தந்தாரா? போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. சரிபார்த்துத் தருகிறேன்.